ஈயமில்லாப் பெட்டிகள்

ஈயமில்லாத தோட்டாக்கள் வந்த வெற்றுப் பெட்டிகளில் ஈயத் தோட்டாக்களை நானே நிரப்பி, ஒரு காவலாளியிடம் கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன்.

அப்போது நான் கொழும்பில், வெள்ளவத்தையிலிருந்து வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு மரத்தோட்டக் கம்பனியில் கொள்வனவு முகாமையாளர். எங்கள் மகோகனித் தோட்டம் மலையடிவாரத்தில் இருந்தது. மலை அணில்கள் இளமரங்களின் பட்டையைச் சுற்றிவர உரித்துவிடும். அதற்கு மேலே மரம் காய்ந்துபோகும். அனுமதி பெற்ற துப்பாக்கியால் காவலாளிகள் அவற்றைச் சுடுவார்கள். கணக்குக் காட்ட வால் கந்தோருக்கு, கறி சுட்டவர் வீட்டுக்கு. அதுதான் தோட்டத்து வழக்கம். ஈயம் உடம்புக்கு ஆகாது என்று காயத்தைச் சுற்றி ஓர் உள்ளங்கையளவு அறுத்து எறிந்துவிட்டே சமைப்பார்கள்.

எங்கள் மரத்தை வாங்கும் வெளிநாட்டுக்காரர் காட்டில் ஈயம் சிந்தக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். நான் தேடத் தொடங்கினேன். துப்பாக்கிக் கடைக்காரர் சிரித்தார்.

“ஈயம் இல்லாத தோட்டா கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான் சேர். ஏன், அணிலுக்கு ஈயம் ஒத்துக்கொள்ளாதாமா?”

பிறகு ஈயக் குண்டுக்குப் பதிலாக உருக்குச் சன்னம் நிரப்பிய தோட்டாக்களைச் சில பெட்டிகள் மாதிரிக்கு வரவழைத்துத் தந்தார். உருக்கு கடினமானது, உங்கள் பழைய துப்பாக்கிக் குழல்களுக்கு ஆகாது என்றும் எச்சரித்தார். சுட்டுப் பார்த்ததிலேயே அவை முடிந்துவிட்டன. மேலும் வேண்டுமென்றால் இறக்குமதி அனுமதி வேண்டும், புதுத் துப்பாக்கிகள் வேண்டும். ஆனால் நான் அதற்குள் பணிப்பாளர் கூட்டத்தில் ‘கிடைத்துவிட்டது’ என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தேன். ஓய்வு வயது நெருங்கிய நேரம். சேவை நீடிப்பு எனக்குத் தேவைப்பட்டது. மாதிரிக்கு வந்தவை பச்சை நிறம்; அதே நிறத்தில் ஈயத் தோட்டாக்களை வாங்கினேன். ஒருகொடவத்தைக் களஞ்சியத்தில், களஞ்சியக்காரர் சாப்பிடப் போன வேளையில், மாதிரி வந்த வெற்றுப் பெட்டிகளுக்குள் அவற்றை மாற்றினேன்.

வாங்குபவர்களின் பரிசோதகர் வந்த நாளில் நானும் தோட்டத்துக்குப் போனேன். தலைமைக் காவலாளி, மலையகத் தமிழர், பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஐயா, இதுல அடிச்சா கறிய அறுத்து வீச வேணாங்களா? ஊட்டுக்காரி முழுகாம இருக்கா. கறின்னா ஆசப்படுறா.”

பரிசோதகர் பக்கத்தில் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. ‘பழையபடி அறுத்தே எறியுங்கள்’ என்று நான் சொல்லியிருந்தாலும் அவருக்கு விளங்கியிராது. இருந்தும் நான் சொன்னது இதுதான்: “ஓம், பயப்பிடாமல் முழுசாச் சமையுங்கோ. இதிலை ஈயம் இல்லை.”

சேவை நீடிப்புக் கிடைத்தது.

ஓய்வுபெற்று நெடுநாளைக்குப் பிறகு அந்தத் தலைமைக் காவலாளி தொலைபேசியில் அழைத்தார். அன்று வயிற்றில் இருந்த மகளுக்கு இன்னும் பேச்சு ஒழுங்காக வரவில்லை; வைத்தியரிடம் காட்டக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டில் நிற்கிறார்கள். நான்தான் ஒரு நல்ல வைத்தியரிடம் கூட்டிப் போனேன். தனியாக உள்ளே சென்று ஈயத்தைப் பற்றியும் சொன்னேன்.

“இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இவ்வளவு காலத்துக்குப் பிறகு இரத்தத்தைப் பார்த்துச் சொல்லேலாது,” என்றார் வைத்தியர்.

குற்றவாளி என்றும் தீர்ப்பில்லை, இல்லையென்றும் தீர்ப்பில்லை. அந்தச் சந்தேகத்துக்குள் நான் ஒளிந்துகொண்டிருந்திருக்கலாம். அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் காவலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தெருவைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே குழந்தை எதையோ கேட்டு அடம்பிடித்தது; சொல் வரவில்லை, சத்தம் மட்டும் வந்தது.

“இத அவகிட்ட சொல்லிறாதீங்க,” என்றார். “நாந்தானே ஆசப்பட்டுத் தின்னேன்னு தலையில அடிச்சிக்குவா.”

அவர் மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். “ஐயா இல்லாட்டி இந்த ஊருல எங்களுக்கு நல்ல டாக்டர காட்ட யாரு இருக்கா?” என்றாள். நான் குடித்தேன்.

வேறு வீடுகளிலும் அந்தக் கறியைச் சாப்பிடுகிறார்களே என்று மறுநாள் பழைய கம்பனிக்குப் போய்ப் பணிப்பாளரிடம் உண்மையைச் சொன்னேன். ஈயமில்லாதவை என்று நம்பி, அன்றுவரை அதே தோட்டாக்களைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கோபப்படவில்லை. இதை வெளியில் கதைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றார்கள், அணிலுக்குக் கூண்டுப் பொறி வைத்தார்கள். ஈயம் நின்றது. தலைமைக் காவலாளி வேலையும் நின்றது. பொறி பார்க்கத் தலைமைக் காவலாளி எதற்கு? அவரைப் புல்வெட்டும் கூட்டத்தில் சேர்த்தார்கள். காவலாளிக்குக் கொடுத்த வீட்டையும் விடச் சொன்னார்கள்.

பணிப்பாளரிடம் இன்னொரு முறை போய்க் கதைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லக் காவலாளியைத் தொலைபேசியில் அழைத்தேன். பொறுமையாகக் கேட்டார்.

“வேணாங்கய்யா. ரெண்டு வாட்டி நல்லது செஞ்சிட்டீங்க. இதோட போதுங்க.”