ரயில் அந்தப் பக்கம் நிற்கும் என்று இறங்கியவர்

காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் தேவாரம் பாடிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்தது. மூன்றாம் தடவை ஒதுங்கிப் போய் எடுத்தேன். சதாசிவம் மாஸ்டரின் மகன். "மாமா, அப்பா போயிட்டாருங்க" என்றான். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்கு மருந்தெடுக்கப் போவதற்காகத் தோட்டத்துச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர், மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழவில்லை. தேவாரம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்விட்டார்கள். நான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் அங்கேயே நின்றிருந்தேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாக என்ன சொல்லப்போகிறேன்? பலாங்கொடைக்கு மேலே எங்கள் தோட்டப் பாடசாலையில் அவர் கணிதம், நான் சிங்களம். பதினாறு வருடம் ஒரே மேசையில் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். ஆனாலும் முதல் நாளே "தம்பி" என்றார், அது அப்படியே நிலைத்துவிட்டது. பிழையாகக் கணக்குப் போட்ட பிள்ளையை அவர் ஒருநாளும் திட்டியதில்லை. "நீ போன வழி சரிதான், எறங்குன எடந்தான் தப்பு" என்பார். பிரான்ஸ் போய்வந்த பிறகு அதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு முன்னால் அவரே சிரித்துவிடுவார்.

ஏன் சிரித்தார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். இழவு வீட்டிலும் அந்தக் கதைதான் ஓடியது. அதிபர் சொன்னார், தபால்காரர் சொன்னார், பறை அடிக்க வந்தவர்கூடக் கேட்டுச் சிரித்தார். ரயிலிலிருந்து மாஸ்டர் தனியாக இறங்கிவிட்ட கதை, பக்கத்தில் இருந்த நான் குறட்டை விட்டுத் தூங்கிய கதை. அந்தக் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அது என்னுடையது. அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்குக் கை வரவில்லை.

அதற்கு முந்திய வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கருத்தரங்குக்காக இருவரும் பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம். வழியில் சோதனைச் சாவடி. கண்டக்டர் "ஒக்கொம பஹின்ன" என்று கத்தினான், எல்லோரும் இறங்கினோம். அந்த முறை உங்களுக்குத் தெரியாததல்ல. பையையும் அடையாள அட்டையையும் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடக்க வேண்டும். வெறும் பஸ் முன்னால் போய்ச் சாவடிக்கு அந்தப் பக்கம் நிற்கும். காட்டிவிட்டுப் போய் ஏறிக்கொள்ள வேண்டும். எத்தனை வருடமாக அப்படி நடந்தோம்! சீருடையைக் கண்டாலே கால் தானாக எழுந்துவிடும், கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். அன்று என் கை போன இடத்தில் ஒன்றுமில்லை. அட்டை முந்தின நாள் போட்ட சட்டையில் இருந்தது.

என் சிங்களம் அன்று உதவவில்லை. "இவ்வளவு நல்லா சிங்களம் பேசுறியே, எங்கே படிச்சே?" என்று அதையே இன்னொரு சந்தேகமாக்கினார்கள். மணல் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பஸ் அந்தப் பக்கம் நின்று ஹாரன் அடித்தது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். மாஸ்டர் மட்டும் ஏறவில்லை. போய்த் தன் குடையையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். "நீங்க போங்க மாஸ்டர்" என்றேன். "சும்மா இருங்க தம்பி. ஒருத்தர விட்டுட்டு ஒருத்தர் போறதுக்கா ரெண்டு பேரா வந்தோம்?" என்றார். பாடசாலையிலிருந்து பொலிஸுக்குப் பேசி, அங்கிருந்து இங்கே பேசி, என்னை விட்டபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அவ்வளவு நேரமும் அவர் வெயிலில் நின்றார். குடையை என் தலைக்கு மேல் பிடித்திருந்தார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் என் அட்டையைக் கேட்டு வாங்கினார். பலாங்கொடை டவுனுக்குப் போய் ஒரு போட்டோ காப்பி எடுத்துக்கொண்டு அட்டையைத் திருப்பித் தந்தார். "ஒன்னுமில்லாததுக்கு இது ஒன்னு எங்கிட்ட இருக்கட்டும். ஒங்க மறதிய நம்ப முடியாது" என்றார். நான் சிரித்துவிட்டு அதை மறந்துபோனேன்.

பிரான்ஸ் பயணம் அதற்கு அடுத்த வருடம். எங்கள் பாடசாலைக்கு ஒரு கட்டடம் கட்டித் தந்த பிரெஞ்சு ஆசிரியத் தம்பதி, ஓய்வு பெற்ற பிறகு எங்கள் இருவரையும் இரண்டு வாரம் ஊர் சுற்றிப் பார்க்க அழைத்தார்கள். விமானத்தில் ஏறியது, கோட்டு இரவல் வாங்கியது எல்லாவற்றையும் மாஸ்டர் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். பாரிஸில் அவர்களுடைய நண்பர் ஒருவர் எங்களை லியோன் நகரத்து அதிவேக ரயிலில் ஏற்றிவிட்டார். "நடுவில் ஒரே ஒரு இடத்தில் நிற்கும், இறங்காதீர்கள். கடைசியில் அவர்கள் வந்து நிற்பார்கள்" என்று ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொன்னார்.

எங்கள் பக்கத்துத் தண்டவாளத்தைப் பிடுங்கி எத்தனையோ வருடமாகிவிட்டது. ரயில் என்றாலே எங்களுக்கு அதிசயம். இது வேறு சத்தமே இல்லாமல் கிளம்பியது. பக்கத்தில் இருந்த கம்பங்கள் கண்ணுக்கே படவில்லை, தூரத்து மாடுகள் மட்டும் நிதானமாக மேய்ந்தன. எதிர் ரயில் ஒன்று "டமார்" என்று கடந்தபோது இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். மேசையில் வைத்த தேநீர் தளும்பவில்லை. மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனக்கணக்குப் போட்டார். "பலாங்கொடையில இருந்து ரத்தினபுரிக்கு ஒம்பது நிமிஷம் தம்பி!" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, "வேகம்கூடப் பரவாயில்லங்க. ஒரு மணி நேரமா ஒருத்தனும் நம்மள நிப்பாட்டல, கவனிச்சீங்களா?" என்றார். நான் கவனித்திருந்தேன். அந்த ஒரு மணி நேரம்தான் என் வாழ்க்கையில் நான் யாரென்று யாரும் கேட்காத நேரம் என்று எனக்கும் தோன்றியிருந்தது.

பிறகு ரயில் வேகம் குறைந்து நின்றது. ஊரே இல்லாத இடம். சுற்றிலும் வயல், நடுவில் ஒரு மேடை. பெட்டியின் முன்கதவால் மூன்று சிப்பாய்கள் ஏறினார்கள். பச்சை உடுப்பு, மார்புக்குக் குறுக்கே துப்பாக்கி. பெரிய நிலையங்களில் அப்படிச் சுற்றி வருவது அங்கே வழக்கமாம், பாரிஸிலேயே பார்த்திருந்தோம். ரயிலுக்குள் ஏறுவார்கள் என்று நினைக்கவில்லை. மற்றப் பயணிகள் யாரும் தலைகூட நிமிர்த்தவில்லை. எதிரில் இருந்த பெண் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.

மாஸ்டரின் உடம்பு விறைத்ததை என் தோள் உணர்ந்தது. அவர் எழும்பப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. இங்கே இறங்க வேண்டியதில்லை என்பதும் தெரிந்தது. "உக்காருங்க மாஸ்டர்" என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். பயம் கொஞ்சம் இருந்தது. ஆனால் கூடுதலாக இருந்தது வெட்கம். அந்தப் பெட்டியில் எல்லோரையும் போல ஒருவனாக இன்னும் கொஞ்ச நேரம் இருக்க ஆசைப்பட்டேன். பையையும் அட்டையையும் தூக்கிக்கொண்டு நிற்கும் ஆளோடு சேர்ந்தவன் என்று அந்தப் பெண் நினைத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். எனக்காக அரைநாள் வெயிலில் நின்ற மனிதரைப் பற்றி அப்படி நினைத்தேன்.

பை உரசும் சத்தம் கேட்டது. ஒரு கணம் அவர் என் பக்கம் குனிந்ததுபோல இருந்தது. நான் மூச்சை ஒரே சீராக விட்டேன். பிறகு பின்கதவுப் பக்கம் காலடிச் சத்தம். சிப்பாய்கள் எங்களைக் கடந்து போனார்கள், யாரையும் எதுவும் கேட்கவில்லை. கதவு மூடியதும் கண்ணைத் திறந்தேன். ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. மாஸ்டர் மேடையில் ரயில் போகும் திசையிலேயே அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தார். என் ஜன்னல் கடந்தபோது நிமிர்ந்து பார்த்து, கையில் இருந்த ஏதோ தாளை உயர்த்திக் காட்டினார். டிக்கெட் என்று நினைத்தேன்.

லியோனில் அந்தத் தம்பதி என் பக்கத்து வெற்று இடத்தைப் பார்த்துப் பதறினார்கள். "நான் தூங்கிவிட்டேன்" என்றேன். வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது! அவர்கள் நிலைய அலுவலகத்துக்கு ஓடினார்கள். நான் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். அவருக்கு அந்த ஊர்ப் பேச்சு ஒரு சொல் தெரியாது. சீனி வருத்தக்காரர், சாப்பாட்டுப் பொட்டலமோ என் பையில். இரண்டரை மணி நேரம் கழித்து அடுத்த ரயிலில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "ரயிலு அந்தப் பக்கம் நிக்கும்னு நெனச்சிட்டேன் தம்பி. மேடை முடியிற வரைக்கும் நடந்து பாத்தேன், காணோம்!" என்றார். நிலையத்துப் பெண் ஒருத்தி அவரை உள்ளே கூட்டிப்போய்க் கோப்பி கொடுத்தாளாம். இவர் அட்டையை நீட்ட, அவள் வாங்கவில்லையாம். "வேணாம்னு கையால தள்ளிட்டு, மொதல்ல உக்காரச் சொன்னாங்க தம்பி." ஊருக்கு வந்த பிறகும் ரயிலின் வேகத்தைவிட அந்தப் பெண்ணைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசினார்.

நான் தூங்கிவிட்டதாக அவரிடமும் சொன்னேன். "தெரியுமே" என்றார். அந்தத் "தெரியுமே" இரண்டு வருடம் என்னை அரித்தது. என் பொய் அவருக்குத் தெரியும் என்கிறாரா? ஆசிரியர் அறையில் கதையைச் சொல்லும்போதெல்லாம், "தம்பி அசந்து தூங்கிட்டாரு, நாந்தான் மடையன் மாதிரி எறங்கிட்டேன்" என்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வந்தது. யுத்தம் முடிந்ததும் சொல்வேன் என்றுகூட ஒரு சாக்கு வைத்திருந்தேன். யுத்தம் முடிந்தது. அப்போதும் சொல்லவில்லை.

கருமாதியன்று அவர் மனைவி பார்வதி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மாஸ்டரின் பணப்பையைத் திறந்து, அவருடைய அட்டைக்குப் பின்னால் மூன்றாக மடித்து வைத்திருந்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். என் அடையாள அட்டையின் போட்டோ காப்பி. மடிப்புகள் தேய்ந்து பிரியும் நிலையில் இருந்தன.

"இத ஒங்ககிட்டயே குடுத்துடுறேன் தம்பி. பிரான்சுலயும் இதத்தானே கையில வச்சிக்கிட்டு எறங்குனாரு."

எனக்கு விளங்கவில்லை. அக்கா சாதாரணமாகத்தான் சொன்னார். "நீங்க அசந்து தூங்கிக்கிட்டு இருந்தீங்களாம். பாவம், எழுப்ப வேணாம், நம்மளே எறங்கி ரெண்டு பேருக்கும் சேத்துக் காட்டிட்டு வந்துருவோம்னு போயிருக்காரு. இதச் சொன்னா தம்பி சங்கடப்படுவாருன்னு வெளிய யார்கிட்டயும் சொல்லல. நீயும் தம்பிகிட்ட கேட்டுக்காதன்னு எங்கிட்ட சொல்லிட்டாரு."

அக்காவிடம் அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அக்கா, இதை உங்கள் மகன் உங்களுக்கு வாசித்துக் காட்டுவான். நான் தூங்கவில்லை. என்னைத் தூங்கவிட்டு என் பேருக்கும் சேர்த்துத்தான் அவர் இறங்கினார். என்னை மன்னியுங்கள் என்று நான் கேட்க வேண்டிய ஆள் அவர், அவரிடம் கேட்க எனக்கு இரண்டு வருடம் இருந்தது.

மாஸ்டருடையது என்று என்னிடம் இப்போது இருப்பது அந்த ஒரு தாள்தான். என் அட்டைக்குப் பின்னால், அவர் வைத்திருந்தது போலவே மூன்றாக மடித்து வைத்திருக்கிறேன். போன வாரம் அவிசாவளைக்கு இப்பால் பஸ்ஸை நிறுத்தினார்கள். வரிசையில் நிற்கும்போது அதைப் பிரித்துப் பார்த்தேன். மை மங்கிவிட்டது, பெயர் சரியாகத் தெரியவில்லை. படம் மட்டும் தெரிகிறது. அதில் என் கண்கள் திறந்திருக்கின்றன.