ஏரிக்குப் பின்னால் இருந்த நிலம்

பாகம் பிரித்தபோது அக்கயம்மாவுக்கும் அவள் புருஷன் பில்லப்பாவுக்கும் ஏரிக்குப் பின்னால் வெளுத்துக் கிடந்த நிலம்தான் வந்தது. சித்லகட்டா பக்கத்தில் எல்லாரையும் போல அவர்களும் பட்டுப்புழு வளர்த்தார்கள். ஆனால் புழுவுக்குப் போடும் மல்பெரி இலைக்கு ஊரார் தோட்டம்தான். வண்டியிலிருந்து விழுந்ததில் பில்லப்பாவின் இடுப்பு போய்விட்டது, சுமப்பதெல்லாம் அவள்தான். புழு கடைசிப் பருவத்துக்கு வந்துவிட்டால், இலைக்கட்டை இறக்கி மூச்சு வாங்குவதற்குள் தட்டு காலியாகிவிடும்.

சொந்த நிலத்தில் இரண்டு முறை மல்பெரி நட்டுப் பார்த்தார்கள். இரண்டு முறையும் துளிர்த்து, மஞ்சளாகி, வெறும் குச்சியாக நின்று செத்தது.

"இந்தத் தடவ மண்ண ஆபீசுல குடுத்துப் பாக்காம குச்சி ஊன்ற மாட்டேன்" என்றாள்.

"மண்ணப் பாத்து பொண்ணா குடுக்கப் போற?" என்று முனகிக்கொண்டே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான் பில்லப்பா. போன வேகத்தில் ஒரு கூடை மண்ணோடு திரும்பியும் வந்தான்.

நிழலில் சாக்கை விரித்து அதைக் காய வைத்தாள் அக்கயம்மா. கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. கையில் ராகிச் சக்கை ஒட்டியது.

"ஏய்யா, இது எந்த மண்ணு?"

"நம்ம மண்ணுதான்."

"நம்ம நிலத்துல ராகி எப்ப வெளஞ்சுது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "குப்பைக்குழி ஓரத்துல எடுத்தேன்."

"அப்ப குப்பைக்குழியிலயே நட்டுடலாமா?"

"மண்ணு கெட்டதுன்னு சொல்லிட்டா நீ நட மாட்டே. இன்னொரு வருஷம் உன் தலையில அந்தக் கட்டு. என்னால பாக்க முடியல அக்கயம்மா."

திட்ட வாயெடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

மறுநாள் இருவருமாகப் போனார்கள். நிலத்தில் அங்கங்கே அவள் குழி வெட்டினாள். அவன் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து, குழியின் ஓரத்தை மேலிருந்து அடிவரை செதுக்கிக் கூடையில் போட்டான். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து, கடைசியில் ஒரு துணிப்பை அளவுக்குக் கொண்டுவந்து, மண் பரிசோதனை ஆபீசில் கொடுத்தார்கள்.

முடிவு வந்தபோது ஆபீசில் இருந்த பெண் தயங்கித்தான் சொன்னாள். "களர் ஏறிப்போச்சும்மா. இப்ப நட்டா இதுவும் போயிடும். ஜிப்சம் போட்டு, தண்ணி கட்டி வடியவிட்டு, உரத்துக்குத் தக்கைப்பூண்டு வெதச்சு, செடியோட மடக்கி உழுங்க. அடுத்த வருஷம் மறுபடி மண்ணு கொண்டாங்க."

"அதுவரைக்கும் எலைக்கு?"

அந்தப் பெண் முடிவுக் காகிதத்தை மடித்து அவளிடம் நீட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் பில்லப்பா சொன்னான். "என் மண்ணக் குடுத்திருந்தா நல்ல சேதி வந்திருக்கும்."

"ஆமா. சேதியத்தான் புழுவுக்குப் போட்டிருக்கணும்."

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. அப்படியே அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

அந்த மழைக்குத் தக்கைப்பூண்டு திட்டுத் திட்டாக முளைத்தது, மடக்கி உழுதார்கள். அடுத்த வருஷம் மேட்டுப் பக்கத்து மண் மட்டும் தேறியது. அங்கே நட்ட மல்பெரி இம்முறை பிழைத்துக்கொண்டது. ஏரிப் பக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மேட்டு இலை போதாத நாட்களில் அக்கயம்மா சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டு ஊரார் தோட்டத்துக்குப் போகிறாள்.