கண் மூடிய படம்

பனி உருகத் தொடங்கியதும் இங்கே வேலிக் கம்பிகளில் ஒற்றைக் கையுறைகள் தென்படும். யாரோ தவறவிட்டதைப் பின்னால் வருகிறவர் எடுத்து, மிதிபடாமல் கம்பியில் செருகிவிட்டுப் போவார். வாரக்கணக்கில் கிடந்தாலும் யாரும் அதைத் தொடுவதில்லை. பின்லாந்தின் தம்பரே நகருக்கு வந்த ஏழாவது வருடம் இதைக் கவனித்தபோது திண்டுக்கல் பேருந்து நிலையம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்போம். துண்டு கிடந்தால் ஆள் வருகிறார் என்று பொருள். ஆனால் அந்தத் துண்டுக்காகச் சண்டை போடவும் ஓர் ஆள் வேண்டும். கையுறைக்கு அந்தத் தொல்லை இல்லை. அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

ஊரில் இருந்தவரை கொஞ்சம் எழுதிக்கொண்டிருந்தவன் நான். இங்கே வந்தபின் ஆறு வருடம் ஒரு வரி எழுதவில்லை. நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டது பொய். சொல்ல ஒன்றும் இல்லை என்பதே உண்மை. அந்தக் கையுறைப் படத்தின் கீழே துண்டைப் பற்றி நான்கு வரி எழுதினேன். மறுநாள் பேருந்துக் கண்ணாடியில் உறைந்திருந்த பனியை எடுத்தேன், அதற்கும் நான்கு வரி. நாளுக்கு ஒரு படம் என்று ஆனது. பெரிய காட்சி எதையும் தேடிப் போகவில்லை. மனிதர்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாத ஊர் என்பதால் வாளி, செருப்பு, கதவு என்று பொருட்களையே எடுத்தேன். வறண்ட கிணற்றில் மெல்ல நீர் ஊறுவதுபோல எழுத்து திரும்பி வந்தது.

விடுமுறையில் சொந்த ஊரான வேடசந்தூர் போனபோது நிலைமை தலைகீழ். அங்கே படம் எடுத்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் யாரும் இருந்தபடி இருப்பதுமில்லை. திண்டுக்கல் நாகல் நகரில் தக்காளி விற்ற அம்மாள் ஒருவர், கைபேசியைப் பார்த்ததும் அழுகலை உள்ளே தள்ளி, நல்லதை மேலே அடுக்கி, எந்த டிவி என்று கேட்டார். எங்கள் வீட்டில் அம்மா துணி அலசும் வாளியை மறைத்தார். நூற்பாலையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வுபெற்ற அப்பாவோ, படம் என்றால் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு விறைப்பாக நிற்பார். ஒரு காலையில் அவர் வெளிக்குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சோப்பு நுரை, கண்கள் இறுக மூடியிருந்தன, ஒரு கை கொடியில் கிடந்த துண்டைத் தேடியது. அவருக்குத் தெரியாமல் எடுத்துவிட்டேன்.

தம்பரே நூலகத்தில் சுற்றுவட்டாரத்தில் உள்ளவர்கள் எடுத்த படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். என்னுடையவற்றில் அப்பாவின் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்து, பெரிதாக்கிச் சட்டமிட்டு வைத்தார்கள். பலர் அதன் முன்னால் நின்றார்கள். காட்சி முடிந்ததும் அதைச் சட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி ஊருக்கு எடுத்துப் போனேன். அடுத்த வாரம் அப்பாவுக்கு மதுரையில் இதய அறுவை சிகிச்சை. அதற்குத் துணையாக இருக்கத்தான் போனேன்; படம் அவருக்குப் பரிசு. என் புத்தி எங்கே போயிருந்தது என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா உறையைப் பிரித்தார். முகம் செத்துப்போனது. தன் பழைய சேலை ஒன்றை எடுத்து வந்து படத்தை முழுக்க மூடினார். அப்புறம்தான் பேசினார்.

"ஆளு உசுரோட இருக்கையில ஒத்தப் படத்தப் பெருசு பண்ணி மாட்டுவாகளா? அதுவும் கண்ண மூடுன படத்த. அங்கன போயி இதையுமா மறந்துட்ட?"

தம்பதியாக இருந்தால் மாட்டலாம், குடும்பமாக இருந்தால் மாட்டலாம். தனியாளின் பெரிய படம் எப்போது சுவரேறும் என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்ததுதான். படத்தில் ஒளியைப் பார்த்தேன், நுரையைப் பார்த்தேன், அந்தக் கையைப் பார்த்தேன். அம்மா பார்த்ததை நான் பார்க்கவில்லை.

மறுநாள் அம்மா கோயிலுக்குப் போன சமயத்தில் அப்பா சேலையை விலக்கிச் சற்று நேரம் பார்த்தார்.

"நல்லாத்தேன் இருக்கு அப்பு. கண்ணு எரிஞ்சதுகூடத் தெரியுது. ஆனா அவ பயந்துபோயி கெடக்கா. நீ திரும்பக் கொண்டுக்கிட்டுப் போயிரு."

அறுவை சிகிச்சை நடந்த அன்று ஆஸ்பத்திரி நடையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக டிபன் கேரியர்கள். வேறொரு நாளாக இருந்தால் எடுத்திருப்பேன். அன்று கைபேசியைப் பையிலிருந்து எடுக்கவே பயமாக இருந்தது. மூடநம்பிக்கை என்று ஊருக்கே பாடம் சொல்லித் திரிந்தவன் நான். அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அம்மா என்னை மன்னித்திருக்க மாட்டார். நானும் என்னை மன்னித்திருக்க மாட்டேன். நல்லபடியாக முடிந்தது என்று மருத்துவர் வந்து சொன்னதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். படத்தைப் பற்றி அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை.

அதே பெட்டியில், அதே சட்டைகளுக்கு நடுவில் படம் தம்பரே வந்து சேர்ந்தது. மேல்வீட்டுக்காரர் பெக்கா அதை நூலகத்தில் பார்த்தவர். ஏன் தரையில் சாய்த்து வைத்திருக்கிறேன் என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் அவராகவே புரிந்துகொண்டார்: இது கான்கிரீட் சுவர், சும்மா ஆணி அடித்தால் இறங்காது. மாலையில் துளைபோடும் மெஷினோடு வந்து நின்றார். எனக்குத் தெரிந்த ஃபின்னிஷில், என் அப்பா உயிரோடு இருக்கிறார் என்றேன். "ஹுவா, ஹுவா" என்றார், நல்லது, நல்லது என்று. பிறகு எந்த உயரத்தில் துளை போடலாம் என்று கேட்டார்.

இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவசரமில்லை, மெஷின் இங்கேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனார். அது படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஞாயிறுதோறும் அப்பா பேசுகிறார், இப்போது மாடிப்படி ஏறுகிறேன் என்கிறார். வேடசந்தூரில் ஒரு வீடு, இங்கே ஒரு வீடு. இரண்டிலும் அவர் படத்துக்குச் சுவர் இல்லை. இல்லாமலே இருக்கட்டும்.