நல்ல அண்டை வீட்டார் பேசுகிறோம்

கம்பெனிக்கும் ஊருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குவதற்குச் சம்பளம் தருவார்கள். அந்த வேலைக்குச் சமூகத் தொடர்பு அதிகாரி என்று பெயர். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் கூலாய் பக்கம் ஒரு டேட்டா சென்டரில் நான் அதைத்தான் பார்க்கிறேன். எங்கள் வாசல் சுவரில் ‘நாங்கள் நல்ல அண்டை வீட்டார்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். உங்கள் ஆபீஸ் சுவரிலும் இப்படி ஏதாவது இருந்தால், நீங்களும் நம்ம ஆள்தான்.

சத்தம்

ஜெனரேட்டர் சோதனை ஓட்டம் அடிக்கடி மத்தியானத்தில்தான் நடக்கும். அப்படி ஒரு மத்தியானம், பின்பக்கத் தாமான் குடியிருப்பிலிருந்து சரோஜா அக்கா வந்தார். அவர் கணவருக்கு பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்; பகலில்தான் தூக்கம். சத்தம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்று விளக்கிவிட்டு, கம்பெனி பெயர் போட்ட காதடைப்பான் ஒரு ஜோடி கொடுத்தேன். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காதுக்குக் குடுத்துட்டீங்க. அந்த ஜெனரேட்டர் வாய்க்குப் போட ஒண்ணு இல்லையா?”

தண்ணீர்

தாமானில் குழாய்த் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. கம்ப்யூட்டர்களைக் குளிர்விக்க நாங்கள் இழுக்கும் தண்ணீர்தான் காரணமா என்று மேலிடத்தில் கேட்டேன். பதில் வரவில்லை, பாட்டில் தண்ணீர் வந்தது, சுவரில் இருந்த அதே வாசகத்தோடு. கூடவே போட்டோகிராபரும் வந்தார்.

சாப்பாட்டுக் கடை காதர் பாய் தட்டு கழுவத் தண்ணீர் இல்லாமல் அன்று கடையையே மூடியிருந்தார். பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னார்கள். பாய் சிரிக்கவில்லை.

“இது எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கேக்கல லா தங்கச்சி. எங்க தண்ணி எங்க போச்சுன்னுதான் கேக்குறேன்.”

நானும் அதைத்தான் கேட்டிருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

பழக்கூடை

சரோஜா அக்காவின் கணவர் தூக்கக் கலக்கத்தில் மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தார். கையில் தையலோடு தப்பித்தார். பழக்கூடை வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கும்படி மேனேஜர் மோகன் சொன்னார். எனக்கு அந்த வீட்டு வாசலை மிதிக்க முகமில்லை. நேராக ஜெனரேட்டரைப் பார்க்கும் எஞ்சினியர் ரவினிடம் போனேன். சோதனையைச் சாயங்காலத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

“மாத்தலாமே. இதுவரைக்கும் யாரும் என்னைக் கேக்கலையே லா!”

மாற்றிவிட்டார். அக்கா போனில் கூப்பிட்டு, கணவர் இப்போது நன்றாகத் தூங்குகிறார் என்றார். விஷயம் மேனேஜர் காதுக்கு எட்டியதும், கம்பெனியின் பேஸ்புக் பக்கத்தில் பெரிதாகப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

“பாத்தீங்களா, நம்ம ‘நல்ல அண்டை வீட்டார்’ கொள்கை வேலை செய்யுது!”

கம்பெனியின் கொள்கையைக் காப்பாற்றுவது ஒன்றும் கஷ்டமில்லை, கம்பெனிக்குத் தெரியாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.