தீனதயாளன் கையும் அமராவதியின் சர்வோவும்

எனக்குப் பொம்மைக் கார் என்றாலே எரிச்சல். ஆனால் அமராவதியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பொம்மைக் காரில்தான் ஆரம்பித்தாக வேண்டும். வேறு வழியில்லை.

முதலிபாளையத்தில் எங்கள் பிளீச்சிங் பட்டறையை மூடிய பிறகு, துணி காயப்போடும் சிமென்ட் களம் மட்டும் சும்மா கிடந்தது. பக்கத்துப் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருந்த தீனதயாளன் ஒருநாள் வந்து, "ஞாயித்துக்கெழமை மட்டும் இங்க கொஞ்சம் கார் ஓட்டிக்கறமுங்ணா" என்று கேட்டார். குழந்தைகளுக்காகக் கேட்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். அந்த ஞாயிறு போய்ப் பார்த்தால், மீசையும் தொப்பையுமாக ஆம்பளைகள் கூடி நிற்கிறார்கள். காலி நூல் கோன்களை வரிசையாக நட்டு வளைவுகள் போட்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு ரிமோட். முழங்கை நீளமுள்ள கார்கள் களத்தில் சீறிக்கொண்டு வந்த வேகத்தில் நான் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலியோரம் ஓடினேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே களத்தைப் பூட்டியிருக்க வேண்டும். ஏனோ டீ போட்டுக் கொடுத்தேன்.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரே பெண் தீனதயாளனின் மனைவி அமராவதி. வீட்டுக்காரருக்குத் துணையாக வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், ஒவ்வொருவனாகக் காரைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் ஓடுகிறான். கோயிலில் பூசாரி முன்னால் நிற்பதுபோல நிற்கிறான்.

வேலம்பாளையத்தில் தையல் மெஷின் சர்வீஸ் கடை ஒன்றில் அவளுக்கு வேலை. ஓவர்லாக், பேட்லாக் என்று எந்த வகைத் தையலானாலும் இப்போது மெஷினுக்கு அடியில் ஒரு மோட்டாரும், அதற்குப் புத்தி சொல்ல ஒரு பேனல் பெட்டியும் இருக்கிறது. ஊசி எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் எண்களாக இருக்கும். அந்த எண்களைத் திருத்துவதில் அமராவதியைத் தேடிக் கம்பெனி வேன்கள் வரும். அதே வித்தையைத்தான் ஞாயிற்றுக்கிழமை கார்களிடம் காட்டினாள்.

காரின் முன்சக்கரங்களைத் திருப்புவது ஒரு குட்டிக் கறுப்புப் பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. சர்வோ என்கிறார்கள். ஓட்டுகிறவர் ரிமோட்டில் இருக்கும் சின்னச் சக்கரத்தை எவ்வளவு திருப்புகிறாரோ, அவ்வளவு சர்வோவின் கை திரும்பும். கூடவே டயரும் திரும்பும். இதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்டுவிட்டேன்.

"இதுக்கும் குணம் இருக்குதுங்ணா" என்றாள் அமராவதி. "அந்தக் குணத்தை நாம மாத்தலாம்."

லேப்டாப்பை எடுத்து, ஒரு ஒயரால் சர்வோவோடு இணைத்தாள். காரை ஒரு நூல் கோன்மேல் உட்கார வைத்தாள். சர்வோவின் கையைக் கழற்றி, நடு எது என்று அதற்குக் காட்டிக்கொடுத்து, மறுபடி நேராக மாட்டினாள். பிறகு இடப்பக்கம் எதுவரை, வலப்பக்கம் எதுவரை என்று எல்லை வைத்தாள். எல்லையை ஒரு இம்மி கூட்டி வைத்தால் சக்கரம் முட்டிக்கொண்டு நிற்கும்; சர்வோ மேலும் தள்ளப் பார்த்து முனகும்; சூடேறிக் கருகியும் போகும். அந்த முனகலை அவள் காதை வைத்துக் கேட்டாள். அது நிற்கிறவரை எல்லையைக் குறைத்தாள். சுற்றி நின்ற ஆம்பளைகள் மூச்சுகூட விடவில்லை. நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. ஒரு சாமானுக்கு எதுவரை போகலாம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டால் அது கடைசிவரை அதை மீறுவதில்லை. என் சொந்தக்காரர்களில் அப்படி ஒருத்தரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

தீனதயாளன் ஓட்டினால் களத்தில் போட்டியே கிடையாது. அடுக்கி வைத்த துணியை வளைவு பிசகாமல் வெட்டிப் பழகிய கை. கோனை உரசுகிற மாதிரி வந்து, உரசாமல் போவார். அவரைத் தோற்கடிக்கத் துடித்தவன் பிரிண்டிங் பட்டறை முனீஸ். தூத்துக்குடிக்காரன்; வாய் அதிகம், மனசில் ஒன்றுமிருக்காது.

போன வருஷம் தீனதயாளன் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் நான்தான் பார்த்தேன். டீ டம்ளரை வாங்கும்போது தளும்பியது. பயப்படுகிற மாதிரியான வியாதி இல்லை, ஆனால் முழுசாகப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாத்திரையில் கொஞ்சம் அடங்கியது. பதற்றம் வந்தால் கூடியது. துணி வெட்டும் மெஷினை அவராகவே கீழே வைத்துவிட்டார். கத்தி ஓடுகிற இடத்தில் நடுங்குகிற கையை வைக்க முடியுமா? கம்பெனியில் இருக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் வெட்டுவதை நின்று பார்த்துச் சொல்லும் வேலை. அதன் பிறகு அவருக்கென்று மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் காரும்தான். கை விஷயம் களத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்று அமராவதி என்னிடம் கேட்டுக்கொண்டாள். நானும் அவருக்கு மட்டும் அரை டம்ளர் டீ ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தேன். தளும்பாது பாருங்கள். அவர் அந்த டம்ளரைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பிறகு குடிப்பார்.

காரிலும் நடுக்கம் தெரிய ஆரம்பித்ததும் அமராவதி புது சர்வோ ஒன்றை மாட்டினாள். அங்கேதான் தப்பு செய்தாள். தையல் மெஷினில் ஊசி நின்றால் நின்றதுதான். மயிரிழை ஆட்டம் இருந்தால் தையல் தவறிவிடும். அந்தப் பழக்கத்தில் இதையும் இறுக்கிவிட்டாள். பிடி முழுசாக, வேகம் முழுசாக, துளி அசைவு வந்தாலும் உடனே திரும்பும்படி. அவள் வைத்ததிலேயே அருமையான செட்டிங் அது. மற்ற எந்தக் கைக்கும் அது பறந்திருக்கும்.

அந்த ஞாயிறு தீனதயாளன் ரிமோட்டை எடுத்ததும் கார் நேர்ப்பாதையிலேயே இப்படியும் அப்படியும் வெட்டிக்கொண்டு போனது. மனிதர் கையில் மறைத்து வைத்திருந்ததை அந்தக் கார் களம் முழுக்க எழுதிக் காட்டியது.

"மாஸ்டரண்ணே, காரா ஓட்டுதிய, சிக்சாக் தையலா போடுதிய?" என்று முனீஸ் கத்தினான். அவனுக்கு விஷயம் தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு கேட்டதும் கை இன்னும் ஆடியது. கார் கோன்களை வாரிக்கொண்டு போய்க் கவிழ்ந்தது. தீனதயாளன் தன் வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. முனீஸ் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆயுத பூஜைக்கு நாம வைக்கற ரேஸ் முடியட்டும். அதோட இந்த வண்டிய முனீசே வச்சுக்கட்டும்" என்றார் தீனதயாளன். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அமராவதி என் பட்டறைக்கு வந்தாள். அவருக்குத் தெரியாமல் காரை எடுத்து வந்திருந்தாள். "என்ற பெருமைக்கு வச்ச செட்டிங்குங்ணா அது. அவர் கைக்கு வைக்கல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. லேப்டாப்பைத் திறந்தாள்.

என்னை ரிமோட்டைப் பிடித்துக் கையை ஆட்டச் சொன்னாள். ஆட்டினேன். குளிரில் நடுங்குகிற ஆள் மாதிரி ஆட்டினேன், சாமி வந்த மாதிரி ஆட்டினேன். "உங்களுக்கு நடிக்க வரலீங்ணா" என்றாள். வந்திருந்தால் நான் ஏன் பிளீச்சிங் பட்டறை நடத்தியிருக்கப் போகிறேன்?

ஒருநாள் சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம். தீனதயாளன். காரைக் காணோம் என்று தேடி வந்திருக்கிறார். நூல் கோன்மேல் உட்கார்ந்திருந்த காரையும், என் கையிலிருந்த ரிமோட்டையும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் பார்க்க, கையை மறைக்காமல் நீட்டினார். கை ஆடியது. முன்சக்கரங்கள் படபடவென்று அடித்துக்கொண்டன.

"இதுக்கு எங்கியுமே தளர்வு இல்லியா அம்மிணி?" என்று கேட்டார்.

"தளர்வு இருந்தா வண்டி மந்தமாயிருமுங்க."

"ஆவட்டும். ரோல்ல இருந்து பிரிச்ச துணிய அப்பிடியே இழுத்துப் போட்டு வெட்டுவமா? ஒரு நாள் சும்மா விரிச்சுப் போட்டு வைப்பம். அது தளந்து, தன்ற அளவுக்கு வந்த பொறவுதான கத்திய வைப்பம்? இழுத்துப் புடிச்சு வெட்டினா அத்தனை பனியனும் சுருங்கிப் போகும். இதையும் கொஞ்சம் விட்டுப் புடி."

அமராவதி லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள். பிறகு திரையில் ஒரு எண்ணைக் கூட்டினாள். சர்வோ எவ்வளவு சின்ன அசைவைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்பதற்கான எண் அது. சக்கரத்தின் படபடப்பு பாதியானது. இன்னும் கூட்டினாள். கிளம்பும் வேகத்தைக் குறைத்தாள். இறுக்கிப் பிடிக்கும் பலத்தைத் தளர்த்தினாள். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் கையை மட்டும் பார்த்தாள். ஓயாமல் ஆடும் அந்தக் கையில் எது நடுக்கம், எது அவர் திருப்ப நினைப்பது என்று பிரித்தெடுத்துக்கொண்டிருந்தாள். கட்டியவளுக்கே அது முடியும் என்று சொல்வார்கள் சிலர். அப்படியில்லை. ஊரில் எத்தனை கட்டியவர்கள் இருக்கிறார்கள்!

ஒரு கட்டத்தில் சக்கரங்கள் நின்றன.

தீனதயாளன் கை ஆடிக்கொண்டேதான் இருந்தது. நான் கையைப் பார்த்தேன், சக்கரத்தைப் பார்த்தேன், மறுபடி கையைப் பார்த்தேன். கை ஆடியது, சக்கரம் ஆடவில்லை. அவர் மெதுவாக வலப்பக்கம் திருப்பினார். சக்கரமும் வலப்பக்கம் திரும்பி, வேண்டிய இடத்தில் நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. பழனிமலைக் கூட்டத்தில் முட்டி மோதி, சட்டென்று சன்னதி தெரிகிறபோது ஒரு கணம் எல்லாச் சத்தமும் நின்றுபோகுமே, அப்படி இருந்தது. அந்தத் தீப்பெட்டிக்கு ஒரு மனிதனின் குறையைப் பார்த்தும் பாராமல் இருக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டாள் ஒருத்தி.

"கொஞ்சம் லேட்டாத்தான் திரும்பும். வளைவு வாரதுக்கு முன்னாலயே திருப்போணுமுங்க" என்றாள் அமராவதி.

"வளைவுக்கு முன்னாலயே கத்தியத் திருப்பாத கட்டிங் மாஸ்டர் எவன் இருக்கறான்?" என்றார் அவர்.

ஆயுத பூஜை முடிந்த ஞாயிறு ரேஸ். எல்லாக் கார்களுக்கும் சந்தனமும் குங்குமமும். மெஷினுக்கும் லாரிக்கும் செய்வதைக் காருக்கும் செய்யாமல் விடுவார்களா? சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழத்தின்மேல் ஏற முடியாமல் முனீசின் கார் குட்டிக்கரணம் போட்டது. பாவம் பார்த்து முனீஸ் விட்டுக்கொடுத்துவிடுவானோ என்பதுதான் என் பெரிய பயம். அந்த ஒன்று நடந்தால் தீனதயாளன் திரும்ப இந்தப் பக்கமே வரமாட்டார்.

முனீஸ் விட்டுக்கொடுக்கவில்லை. நல்ல பயல். உயிரைக் கொடுத்து ஓட்டினான். தீனதயாளன் கை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. அவர் கார் கோடு போட்டதுபோல் போனது. ஓட்டுகிறவர்களைத் தவிர களத்தில் யாரும் காரை மட்டும் பார்க்கவில்லை. கையையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அமராவதி மட்டும் இரண்டையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, சர்வோ முனகுகிறதா என்று அந்த இரைச்சலில் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசி வளைவில் இரண்டு கார்களும் ஒன்றாக நுழைந்தன. முனீசின் கார் ஒரு கோனைத் தட்டிவிட்டு வெளியே வந்தது. தீனதயாளனுடையது தட்டாமல் வந்தது. ஆனாலும் முனீஸ்தான் ஒரு சாண் முந்தினான்.

"மாஸ்டரண்ணே, அடுத்த வாரம் வண்டியக் கொண்டாங்க. இப்படி ஜெயிச்சா எனக்கு ஒறக்கம் வராது" என்றான் முனீஸ். வண்டியை அவனுக்குக் கொடுப்பதாக இருந்த பேச்சை அவனும் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை.

நான் டீ ஊற்ற ஆரம்பித்தேன். பழக்க தோஷத்தில் தீனதயாளனுக்கு அரை டம்ளரோடு நிறுத்தினேன். அவர் டம்ளரை வாங்காமல் என்னைப் பார்த்தார்.

"முழுசா ஊத்துங்ணா" என்றார்.

ஊற்றினேன். வாங்கினார். தளும்பியது, புறங்கையில் வழிந்தது, சட்டையில் கொட்டியது. அமராவதி ஓடிவந்து பிடிக்கவில்லை. அவர் துடைத்துக்கொள்ளவும் இல்லை. எல்லோருக்கும் நடுவில் நின்று, மீதியை நிதானமாகக் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டார்.