சுகர் ஜீரோ

பிரிசில்லாவின் அலுவலகம் கொரோனா காலத்தில் வீட்டுக்கு வந்தது. பிறகு திரும்பிப் போகவே இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடி வீடு. அம்மா இறந்தபின் அவள் மட்டும்தான். சில நாட்களில் சாயங்காலம் பால் வாங்கப் போய்க் கடைக்காரரிடம் வாய் திறக்கும்போதுதான், காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை என்பதே நினைவுக்கு வரும்.

சிதம்பரத்தில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்குக்கு அவள் ஜாவா என்ற கணினி மொழியில் ஒரு செயலி எழுதிக் கொடுத்திருந்தாள். நோயாளிகள் காலையில் வீட்டிலேயே விரலைக் குத்திப் பார்த்து, அளவைச் செல்போனில் பதிய வேண்டும். ஆபத்தான அளவு என்றால் நர்ஸின் திரையில் சிவப்பாகத் தெரியும். நர்ஸ் உடனே அவர்களுக்குப் போன் செய்ய வேண்டும்.

ஒருநாள் நர்ஸ் எழிலரசி கூப்பிட்டாள்.

"மேடம், உத்திராபதின்னு ஒரு பெரியவரு. தெனம் சுகர் ஜீரோன்னு காட்டுது. ஜீரோன்னா ஆளு உசுரோடவே இருக்க மாட்டாங்க. நானும் தெனம் பதறிப்போயி போன் பண்றேன். அவரு நல்லா இருக்கேன், காபி குடிச்சேங்குறாரு."

பிரிசில்லாவுக்குக் கோளாறு உடனே புரிந்தது. சர்க்கரை அளவை 'இன்ட்' என்ற வெறும் எண் வகையில் வைத்திருந்தாள். அதற்கு ஒன்றுமில்லாமல் இருக்கத் தெரியாது. யாரும் எதையும் பதியாவிட்டால் தானே பூஜ்யமாக நின்றுகொள்ளும். அதே எண்ணை ஒரு பொருளாகப் பொதிந்து வைக்கும் உறை வகுப்பு 'இன்டிஜர்'. அதில், எண் இன்னும் வரவில்லை என்பதை 'நல்', அதாவது வெறுமை, என்று விட்டுவைக்கலாம். பெரியவர் சோதித்துப் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான்.

வகையை மாற்றினாள். உடனே வாரச் சராசரி போடும் இடத்தில் நிரல் நின்றுபோனது. எண்ணே இல்லாத உறையிலிருந்து எண்ணை எடுக்கப் பார்த்திருக்கிறது. எண் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும்படி ஒரு வரி சேர்த்தாள். நர்ஸின் திரையில் உத்திராபதிக்கு எதிரே இருந்த சிவப்பு மறைந்தது.

அடுத்த வாரம் செயலியின் உதவி எண்ணுக்கு, அதாவது அவள் போனுக்கு, ஓர் அழைப்பு.

"உத்திராபதி பேசுறேம்மா, சிதம்பரம். நர்சம்மா போன் வரலியே. அவுங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லா இருக்காங்கய்யா. அந்தப் போனு தப்பா வந்துக்கிட்டு இருந்துச்சு. நான் சரி பண்ணிட்டேன்."

"அப்டியா." அவர் குரல் தணிந்தது. "சரி பண்ணிட்டீங்களா. சரிம்மா."

"நீங்க ஏங்கய்யா சுகர் பாக்குறதில்ல?"

"மிசின் இருக்கும்மா. பாத்து யாருகிட்ட சொல்றது? பாக்கலன்னாதான் கேக்குறாங்க."

அன்றே எழிலரசியை அழைத்து, பதியாதவர்களைத் தனியாகக் காட்டினால் அவர்களையும் கூப்பிட முடியுமா என்று கேட்டாள்.

"செவப்புல இருக்குறவங்களுக்கே நேரம் பத்தல மேடம்" என்றாள் எழிலரசி. அதுவும் நியாயம்தான்.

மறுநாள் காலை பிரிசில்லாவே உத்திராபதிக்குப் போன் செய்தாள். "குத்திப் பாருங்கய்யா. நான் லைன்லயே இருக்கேன்."

நூற்றுத் தொண்ணூறு என்றார்.

"ஜாஸ்திங்கய்யா. டாக்டரப் போயிப் பாத்துருங்க."

"போறேன், போறேன். ஒன் வூட்ல யாரும்மா இருக்கா?"

"நான் மட்டுந்தாங்கய்யா."

"சாப்டியா?"

அந்தக் கேள்வியை யாரும் கேட்டு நெடுநாளாகியிருந்தது. "இன்னும் இல்லீங்க."

"மொதல்ல போயி சாப்புடு" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

அவள் இரண்டு தோசை ஊற்றி அடுப்பருகே நின்றபடியே சாப்பிட்டாள். வீட்டில் வேறு சத்தமில்லை.