தாடை கழற்றிய குழாய்கள்

மழைக்காலத்தில் ஒரு கார் நிற்காமல் ஓடுகிறது என்றால் அதற்கு எஞ்சினும் காரணம் இல்லை, ஓட்டுகிறவரும் காரணம் இல்லை. தாடைதான் காரணம். உலகத்தில் இதுவரை பெய்த மழையை எல்லாம் ஒரு தட்டிலும் தாடையை இன்னொரு தட்டிலும் வைத்தால், மழை இருக்கிற தட்டு மேலே போய்விடும். மேகங்கள்கூட அவர் பட்டறைக்கு மேல் வரும்போது கொஞ்சம் ஒதுங்கித்தான் போகும். மூக்கு இருந்தால் உடைத்துவிடுவாரே என்ற பயம்.

தாடை என்பது அந்த மெக்கானிக்கின் பட்டப்பெயர். அவர் தாடை மூன்று தடவை உடைந்திருக்கிறது. மூன்று தடவையும் ஒரே காரணம், கார்களின் மூச்சுக்குழாய்.

விஷயம் இதுதான். கம்பெனியிலிருந்து வருகிற காரில், எஞ்சின் காற்று இழுக்கிற இடம் உயரத்தில் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். சில பேருக்கு அது போதாது. பெட்டியைக் கழற்றிக் கடாசிவிட்டு, கடையில் விற்கிற பளபளப்பான கோல்ட் ஏர் இன்டேக் ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். பட்டறையில் அதற்குப் பெயர் நீளக்குழாய். அது கீழே இறங்கி, முன் பம்பருக்குப் பின்னால், தரைக்கு ஒரு முழம் மேலே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அங்கே காற்று கொஞ்சம் குளிர்ச்சி, அதனால் எஞ்சினுக்குக் கொஞ்சம் பலம் கூடும். சத்தம் நிறையவே கூடும். வெயில் காலத்தில் அதில் ஒரு குறையும் இல்லை. மழை வந்தால் அது குட்டையில் வைத்த உறிஞ்சுகுழல். எஞ்சினுக்குள் போன தண்ணீர் காற்று மாதிரி நசுங்கிக் கொடுக்காது. பிஸ்டனைத் தாங்குகிற இரும்புத் தண்டு வளைந்துவிடும். அப்புறம் எஞ்சினுக்குத் துக்கம் விசாரிக்கத்தான் போகவேண்டும்.

அதனால் தாடை ஒரு சட்டம் வைத்திருந்தார். அவரிடம் நீளக்குழாய் மாட்டுகிறவர்கள் பழைய பெட்டியை அவர் அலமாரியில் விட்டுப் போகவேண்டும். முதல் மழை விழுந்த அன்றே வந்து குழாயைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பெட்டியை மாட்டிக்கொள்ளவேண்டும். வராதவர் வீட்டுக்கு, பெட்டியும் ஸ்பேனருமாக அவரே போவார்.

அங்கேதான் ரத்தம் வரும்.

உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிற ஒருவர், "என் வண்டி, என் குழாய், கழட்டுறதுக்கு நீ யாருய்யா?" என்று பானெட் மேல் ஏறி உட்கார்ந்தார். தாடையின் பதில், நெற்றியால் மூக்கில் ஒரே முட்டு. ஆள் சரிந்ததும் பானெட்டைத் திறந்து, பெட்டியை மாட்டி, கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஃபில்டரையும் துடைச்சு வச்சிருக்கேன், சும்மா சொல்லக்கூடாது, வண்டியை நல்லா வச்சிருக்கீங்க" என்று பாராட்டிவிட்டு வந்தார். கறிக்கடைக்காரர் ஜாக்கிக் கம்பியால் அவர் தாடையைப் பெயர்த்தார். வாயில் ரத்தம் ஒழுக ஒழுகக் கடைசி போல்ட்டையும் முறுக்கிவிட்டுத்தான் தாடை மயங்கினார். அந்த போல்ட் இன்றைக்குவரை தளரவில்லை.

மூன்றாவது தடவை உடைந்தபோது கம்பி போட்டுக் கட்டினார்கள். ஆறு வாரம் எல்லாவற்றையும் உறிஞ்சித்தான் குடிக்கவேண்டும். "இப்பத் தெரியுதாப்பா, எஞ்சினுக்கு எப்படி இருக்கும்னு?" என்று மகள் கேட்டாள். இதை எழுதுகிற அதே மகள்தான். வாயைத் திறக்க முடியாததால் செருப்பு மட்டும் பறந்து வந்தது.

அந்த ஆறு வாரத்துக்குள்தான் அவர் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கையில் கத்தரிக்கோலோடு எழுந்து வந்தாள்.

"இனி ஒரு ஆளை நீங்க அடிச்சீங்க, நான் மெஷினைத் தூக்கிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன். இவளையும் கூட்டிக்கிட்டு. விளையாட்டுக்குச் சொல்லல."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. கத்தரிக்கோல் ஆடவே இல்லை.

அடுத்த மழைக்கு அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். "தாடைக்குப் பல்லு போச்சுடா" என்று சிரித்தார்கள். கோபம் தாங்காமல் தன் தொடையிலேயே குத்திக்கொண்டு திரும்பி வருவார், தொடை கன்றிக் கறுத்திருக்கும். அந்த மழையில் இரண்டு எஞ்சின்கள் செத்தன. வளைந்த தண்டுகளைப் பட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். ஆணியை அடித்த அடியில் சுவர் பெயர்ந்தது.

அதற்கடுத்த மழையில்தான் மச்சான் வந்து சேர்ந்தான். மனைவியின் ஒரே தம்பி, அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். வாடகைக்குக் கார் ஓட்டுகிறான். அந்தக் காரை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை. மாமாவுக்குத் தெரியாமல் வேறு பட்டறையில் நீளக்குழாய் மாட்டி, பழைய பெட்டியை விற்றும்விட்டான்.

"கவலைப்படாதீங்க மாமா, அதுக்கு ரெயின்கோட் போட்டுட்டேன்" என்றான்.

குனிந்து பார்த்தால், குழாயின் வாயில் பாலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறான்.

"டேய், மூக்கைப் பொத்திக்கிட்டு உன்னால ஓட முடியுமா?"

"ஓரத்துல கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கேன் மாமா."

"அந்த இடைவெளியில தண்ணி வராதாக்கும்? லீவு விட்டிருக்கியா அதுக்கு?"

மச்சான் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். தாடை தொடையில் குத்திக்கொண்டார்.

இரண்டாம் நாள் மத்தியானம், பட்டறைக்கு எதிர்ச் சந்தில் முழங்கால் அளவுத் தண்ணீர். மச்சானின் கார் நடுவில் வந்து, கக்குவான் இருமல்காரன் மாதிரி நாலு தடவை இழுத்துவிட்டு நின்றது. அவன் இறங்கி, கிழிந்துபோன பையைப் பிய்த்தெறிந்தான். மூச்சு முட்டித்தான் நின்றது, பையை எடுத்தாயிற்று, இனி ஓடும் என்பது அவன் கணக்கு. பைக்குப் பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போயிருக்கும் என்பது தாடையின் கணக்கு. இப்போது சாவியைத் திருப்பினால் தண்டு வளையும், எஞ்சின் போகும், மச்சானின் பிழைப்பும் போகும்.

"திருப்பாதடா!" என்று கத்திக்கொண்டு தண்ணீரைப் பிளந்து ஓடினார். மகளும் பின்னால் ஓடினாள். மச்சான் பாதி உட்கார்ந்திருந்தான். ஒரு கை திறந்த கதவின் சட்டத்தில், ஒரு கை சாவியில்.

"ஒரே தடவை மாமா, பாருங்க, எடுத்துரும்!"

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி சர்ரென்று போனது. எழும்பிய அலை கதவை அறைந்து சாத்தியது. மச்சானின் விரல்கள் நடுவில். காய்ந்த குச்சிகளை ஒடித்த மாதிரி மூன்று சத்தம். அலறலில் சாவியைப் பிடித்த கை தானாக விட்டுவிட்டது.

பிறகு தாடை ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுழற்றினார். நாலு ஓட்டையிலிருந்தும் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியது. தண்டு ஒன்றுகூட வளையவில்லை. உடைந்தது மச்சானின் மூன்று விரல் மட்டும்தான்.

"லாரி அலை அடிச்சிருச்சுக்கா" என்றான் மச்சான், கட்டுப் போட்ட கையோடு. மகளும் தலையாட்டினாள். மனைவி தாடையிடம் கையைக் காட்டச் சொல்லி, முட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெஷினில் போய் உட்கார்ந்தாள். தாடை ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

இதுவரை எழுதியதை மகள் அவரிடம் கொடுத்தாள். எண்ணெய் விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படித்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இது எந்த லாரி?"

"போச்சேப்பா. நீங்க கவனிச்சிருக்கமாட்டீங்க."

"அந்தச் சந்துல ரெண்டு சைக்கிள் எதிரெதிரா வந்தா ஒண்ணு காவாயில இறங்கணும். லாரி எப்படி வந்துச்சு, மொட்டை மாடி வழியாவா?"

மகள் பேனா மூடியைக் கடித்தாள். "அம்மா படிப்பாங்கப்பா."

"படிக்கட்டும். நான்தான் கதவை மிதிச்சேன். விரல் உடையிற சத்தம் கேட்டும் காலை எடுக்கல. அதையும் எழுது."

"கால்தானேப்பா, கை படலையே..."

"வக்கீல் வேலை பாக்காத. அந்த லாரி வரியை அடிச்சுடாத, அது அங்கயே இருக்கட்டும். கீழ நான் சொன்னதை எழுதிக் குடு. நான் என்ன செஞ்சேன், நீ என்ன சொன்ன, ரெண்டும் உங்கம்மாவுக்குத் தெரியணும். நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்."